கைவிடப்பட்ட பொருள்

அப்பாவைத் திருடியவன் அவர்களுக்கு முன்பே வந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஜும்வாவையும் அவள் சித்தப்பாவையும் பார்த்ததும் எழுந்து பெஞ்சில் இடம் விட்டான்.

"உக்காருங்க டீச்சர்."

அவள் உட்காரவில்லை. போன வாய்தாவிலும் இப்படித்தான் எழுந்தான். அதற்கு முந்தைய வாய்தாவில் வறுத்த முந்திரி வாங்கி நீட்டினான். செங்கோ என்று பெயர். பக்கத்து ஊர்க்காரன், பிள்ளைகுட்டிக்காரன். ஒருவன்மேல் கோபப்பட அவன் முகமும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். இவன் முகம் ஒத்துழைப்பதே இல்லை.

ஜும்வாவின் அப்பா கோம்பே இறந்து வெகு காலமாகிறது. கோஹு என்ற பெரியவர்கள் சபையில் இருந்தவர். கடலோரத்துக் கிரியாமா இன ஆண்களில் அந்தச் சபைக்குள் போனவர்கள் செத்தால் குழியோடு விட்டுவிட முடியாது. கெட்டி மரத்தில் ஆள் உயரத்துக்குக் கிகாங்கோ செதுக்கி நட வேண்டும். வட்டத் தலை, பலகைபோல் உடம்பு, உடம்பெல்லாம் முக்கோணக் கொத்துவேலை, இடுப்பில் துணிக்கட்டு. நட்டபின் அது மரம் இல்லை, அவர்தான். 'கோம்பே நிற்கிறார்' என்றுதான் ஊரில் பேச்சு.

நின்றுகொண்டிருந்தவரைச் செங்கோ பிடுங்கினான். சாக்கில் சுற்றி, கடற்கரை ஹோட்டல் பக்கம் கலைப்பொருள் விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனான். வழியில் அவன் வந்த வண்டியைப் போலீஸ் நிறுத்தியது. அவர்கள் கஞ்சா தேடினார்கள். கோம்பே கிடைத்தார்.

அன்றிலிருந்து மூன்று வருடமாக அவர் கோர்ட் சாமான் அறையில் படுத்திருக்கிறார். நசுங்கிய சைக்கிள்களுக்கும் பிடிபட்ட சாராயக் கேன்களுக்கும் நடுவில்.

படுத்திருப்பதுதான் பிரச்சினை. ஜும்வாவின் தம்பி ஃபோண்டோவின் கனவில் கோம்பே வந்து, 'முதுகு வலிக்குதுடா, எப்ப எழுப்புவீங்க?' என்று கேட்கிறார். ஃபோண்டோ வேலைக்கு ஒழுங்காகப் போவதில்லை. அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஜும்வா பள்ளியில் கணக்கு நடத்துபவள். கனவையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் இப்போதெல்லாம் அவளும் மல்லாந்து படுப்பதில்லை.

சட்டம் உண்டா என்றால் உண்டு. பழம்பொருள் சட்டம் இருக்கிறது. அதற்குக் கோம்பேயின் வயது போதாது. நினைவுச்சின்னச் சட்டம் இருக்கிறது. அதற்கு அரசிதழில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். புதருக்குள் நிற்பவரை யார் போய் அறிவிப்பார்கள்? மிஞ்சியது திருட்டு வழக்கு. கோழி திருடினாலும் அதே பிரிவுதான். கோழிக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். கோம்பேக்கும் வேண்டுமாம். சொந்தக்காரர் யாரென்று இன்று தெரியாவிட்டால் பொருள் தலைநகர் மியூசியத்துக்குப் போகும் என்று மாஜிஸ்திரேட் போன வாய்தாவிலேயே சொல்லிவிட்டார்.

"சித்தப்பா, இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க," என்றாள் ஜும்வா. "அரசு வக்கீல் 'இது யாரோடது'ன்னு கேப்பார். நீங்க என்ன சொல்லணும்?"

சித்தப்பா தோயா தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார். கோம்பேயின் தம்பி. சபையில் அவரும் உண்டு.

"கோம்பேயோடதுன்னு சொல்லுவேன்."

"ஐயோ, 'என்னுது'ன்னு சொல்லணும். ஒரே வார்த்தை சித்தப்பா."

"என் அண்ணன் எப்படிம்மா என்னுது ஆவான்? உசுரோட இருந்தப்பவே என் பேச்சைக் கேட்டதில்ல."

"சட்டத்துக்காகச் சொல்லுங்க."

"சட்டத்துக்காக நாளைக்கு உன்னை என் மாடுன்னு சொல்லச் சொல்லுவாங்க. சொல்லவா?"

செங்கோ சிரித்தான். ஜும்வா திரும்பிப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

டவாலி பெயர் கூப்பிட்டார்.

உள்ளே வக்கீல்கள் மேசைமேல் கோம்பேயைக் கிடத்தியிருந்தார்கள். அவர் நெஞ்சில் வெள்ளைப் பெயிண்டில் வழக்கு எண் எழுதியிருந்தது. முன்வரிசையில் மியூசியத்திலிருந்து வந்த மகோக்கா கோப்போடு உட்கார்ந்திருந்தார். மேற்கே ஏரிப் பக்கத்து ஆள். கடலோர வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

தோயா சாட்சிக் கூண்டில் ஏறினார். சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்யவில்லை.

"என்னய்யா?" என்றார் மாஜிஸ்திரேட். நடுவயதுப் பெண்மணி. முன்னால் கட்டுக் கட்டாகக் கோப்புகள்.

"அண்ணன் படுத்திருக்கான்மா. அவனைப் படுக்க வெச்சுட்டு அவனைப் பத்தி நான் நின்னுக்கிட்டுப் பேச முடியாது."

மாஜிஸ்திரேட் அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"நிக்க வைங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

நிற்க வைக்க இடம் தேடினார்கள். சுவரில் சாய்த்தால் வழுக்கியது. கடைசியில் குற்றவாளிக் கூண்டின் கம்பியில் சாய்த்துக் கயிறு போட்டார்கள். செங்கோவும் கோம்பேயும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கோம்பே அவனைவிட ஒரு தலை உயரம். செங்கோ மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டான்.

"இது யாருடையது?" என்றார் அரசு வக்கீல்.

தோயா ஜும்வாவைப் பார்த்தார். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். என்னுது, என்னுது.

"அது கோம்பே," என்றார் தோயா.

"யாருடையதுன்னு கேட்டேன்."

"ஆளுங்க யாரோடதும் இல்லீங்க. ஆளு ஆளுதான்."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜும்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

செங்கோவின் வக்கீல் எழுந்தார். கலுமே. அவரும் கிரியாமாதான். நல்ல கோட்டு, நல்ல செருப்பு. தோயாவைப் பார்த்து மரியாதையாகத் தலை தாழ்த்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"பெரியப்பா, நீங்க குடும்பத்தோட பழைய எடத்தை விட்டு எப்பப் போனீங்க?"

"கிணறு வத்தினப்போ."

"அதுக்குப் பல வருஷம் ஆச்சு."

"ஆச்சு."

"போகும்போது ஆடு மாடு எல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?"

"பின்ன? நரிக்கா விட்டுட்டுப் போவோம்?"

"தானியம், பானை, கதவு?"

"கதவுகூட."

"இதை?"

தோயாவின் முகத்தில் பெருமை வந்தது. ஜும்வா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் பார்க்கவில்லை.

"இல்ல. அவனை விட்டுட்டுத்தான் வந்தோம்."

"புது வீட்டுக்கு?"

"அவன் பேர்ல சின்னதா ஒரு மரக்கட்டை, கிபாவோ, செஞ்சு வெச்சோம். கள்ளு ஊத்துறது அதுக்குத்தான்."

"பழைய எடத்துக்குப் போய்ப் பாத்தீங்களா? புல்லு கில்லு வெட்டினீங்களா? வேலி போட்டீங்களா?"

"ஒருநாளும் இல்ல," என்றார் தோயா, அழுத்தம் திருத்தமாக. "ஒரு புல்லைக்கூட நாங்க தொடல."

"நன்றி பெரியப்பா." கலுமே மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பினார். "அம்மா, குடும்பம் இதை விட்டுட்டுப் போயிருக்கு. பதிலுக்கு வேற ஒண்ணு செஞ்சுக்கிட்டாங்க. திரும்பியும் பாக்கல. சட்டப்படி இது கைவிடப்பட்ட பொருள். கைவிடப்பட்ட பொருளை எடுக்கிறது திருட்டு ஆகாது."

தோயா கூண்டிலிருந்து இறங்கி வந்தார். நல்ல காரியம் செய்தவர்போல நடந்து வந்தார்.

"எப்படிப் பேசினேன்?"



மாஜிஸ்திரேட் இடைவேளை விட்டார்.

எதிரே இருந்த டீக்கடையில் எல்லோரும் ஒரே பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டியிருந்தது. மாஜிஸ்திரேட்டைத் தவிர. செங்கோ டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். தோயா எண்ணெயில் பொரித்த மந்தாசியை டீயில் முக்கித் தின்றார்.

"நீங்களே கேஸை முடிச்சுட்டீங்க சித்தப்பா," என்றாள் ஜும்வா. "இனிமே அப்பா எழுந்திருக்கவே போறதில்ல. தலைநகரத்துல போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடப்பார்."

"உண்மையைச் சொன்னேன். நாம மரியாதை தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"அவங்க காதுல அது மரியாதைன்னு விழாது!"

"அப்ப அவங்க காதை டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டட்டும்."

கலுமே பக்கத்தில் வந்து டீ வாங்கினார். தோயா விடவில்லை.

"ஏம்ப்பா கலுமே, உன் தாத்தா என்னோட உக்காந்து கள்ளு குடிச்ச மனுசன். அவர் எங்க நிக்கிறார்னு தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா. ஆலமரத்துக்குக் கிழக்கால."

"இந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு அவரையும் குப்பைன்னு சொல்லிடுவே போலிருக்கே."

"தொழில் வேற, வீடு வேற பெரியப்பா."

"அப்ப அந்தக் கோட்டை வீட்டுக்குள்ள போட்டுக்கிட்டு வராதே. சட்டை மாத்துற பாம்புன்னு நெனச்சு யாராவது அடிச்சுடப் போறாங்க."

கலுமே சிரித்துவிட்டார். தோயாவின் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். தோயா தடுக்கவில்லை.

மகோக்கா டம்ளரோடு ஜும்வா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், எங்ககிட்ட விட்டுடுங்க. குளிர் அறை இருக்கு. கரையான் மருந்து ஏத்துவோம். இருநூறு வருஷம் ஒண்ணும் ஆகாது."

தோயா மந்தாசியைக் கீழே வைத்தார்.

"இருநூறு வருஷமா? அப்படி என்ன தப்பு பண்ணிட்டான் என் அண்ணன்?"

"ஐயா, காப்பாத்தத்தான் சொல்றேன்."

"எதுக்கு? அவன் நிக்கணும். நின்னு, மழையில நனைஞ்சு, கரையான் ஏறி, ஒருநாள் தானா சாயணும். சாஞ்சா வேலை முடிஞ்சது, போயிடுவான். நீங்க சாய விட மாட்டேங்கறீங்க. செத்தவனுக்கு ஓய்வு கெடையாதா உங்க ஆபீஸ்ல?"

மகோக்கா கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் சலிப்புத் தட்டியிருந்தது.

"ஐயா, இவர் மாதிரியே திருடு போய் வெளிநாட்டுலேருந்து திரும்பி வந்தவங்களை நான் பெட்டி பிரிச்சு எடுத்திருக்கேன். ஒருத்தருக்கும் பேர் இல்ல. எந்த ஊர், எந்தக் குடும்பம், தெரியாது. எங்க கொண்டுபோய் நடுவேன்? அலமாரியில அடுக்கி வெச்சிருக்கேன். எனக்கு மட்டும் ஆசையா? காத்துல மழையில விட்டீங்கன்னா இன்னொரு செங்கோ வருவான்."

"நான் இனிமே மாட்டேன் சார்," என்றான் செங்கோ.

"நீ வாயை மூடு," என்றாள் ஜும்வா.

மகோக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சித்தப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலுமேயின் வாதத்தில்கூடச் சட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். அப்பா அங்கே குற்றவாளிக் கூண்டில் கயிற்றுக்கட்டோடு நின்றார்.

அவள் டம்ளரை வைத்துவிட்டு அரசு வக்கீலைத் தேடிப் போனாள்.

"நான் சாட்சி சொல்றேன்."

"என்னன்னு?"

"என்ன சொல்லணுமோ அதைச் சொல்றேன். நீங்க கேள்வியை மட்டும் கேளுங்க."

கோர்ட் மறுபடி கூடியது. ஜும்வா கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள்.

"இது யாருடையது?"

"என்னுது."

பின்னால் சித்தப்பாவின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை.

"எப்படி?"

"அப்பாவோட சொத்து. மூத்த புள்ளை நான். எனக்கு வந்தது."

"இதைக் கைவிட்டீங்களா?"

"இல்ல. மாசாமாசம் போவேன். சுத்திக் களை எடுப்பேன். நிழலுக்குக் கெளை ஒடிச்சு வெப்பேன். கட்டியிருக்கிற துணி பழசானா அவுத்துட்டுப் புதுசு கட்டுவேன்."

வகுப்பில் சூத்திரம் சொல்வதுபோல் சொன்னாள். எல்லாம் பொய். வீடு மாறிய பிறகு அந்தப் பக்கம் அவள் கால் வைத்ததில்லை. அதற்கு முன்பும் கிட்டே போனதில்லை. பெண் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

தோயா எழுந்து வெளியே போய்விட்டார்.

அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். கலுமே எழுந்தார். கேட்டதை நம்ப முடியாத பாவம் முகத்தில்.

"களை எடுப்பீங்களா?"

"ஆமா."

"நீங்களே?"

"மண்வெட்டியால."

"துணியை அவுத்துக் கட்டுவீங்களா? தொட்டு?"

"தொடாம எப்படிக் கட்டுறது?"

கோர்ட்டில் இருந்த கிரியாமாக்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்தார்கள். கலுமேயின் குரல் உயர்ந்துவிட்டது. வக்கீல் போய் வீட்டு ஆள் வந்துவிட்டார்.

"அம்மா, இது பச்சைப் பொய்! இந்தம்மா கோர்ட்டை ஏமாத்தறாங்க. நானும் கிரியாமாதான், எனக்குத் தெரியாதா? நட்டுட்டா நட்டதுதான். கிட்டே போய்க் களை எடுக்கிறதாவது! ஆம்பளையே தொடக் கூடாது, பொம்பளை தொட்டேன்னு நின்னுக்கிட்டுச் சொல்றாங்க. எடம் மாத்தக் கூடாது, வேலி போடக் கூடாது, சுத்தியிருக்கிற புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. குடும்பம் எங்க போனாலும் அவர் நின்ன எடத்துலயே நிப்பார். தானா விழுற வரைக்கும் விட்டுடணும். அவர் கூப்பிட்டாத்தான் போகணும். இது எங்க ஊர்ல பால்குடிக்குக்கூடத் தெரியும்!"

மூச்சு வாங்க நின்றார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்டர் கலுமே. மெதுவா. நான் எழுதிக்கணும்."

கலுமே தன் கோப்பைப் புரட்டினார்.

"காலையில கைவிட்டுட்டாங்கன்னு வாதாடினீங்க."

"ஆமாம்மா."

"போய்ப் பாக்கல, புல்லு வெட்டல, கூட எடுத்துட்டுப் போகல. அதனால."

"ஆமாம்மா."

"இப்ப அதுதான் முறைங்கறீங்க."

"வந்து... பொதுவா..."

"முறைதாங்கம்மா," என்றான் செங்கோ கூண்டிலிருந்து, தன் வக்கீலுக்கு உதவியாக. "எங்க வீட்லயும் அப்படித்தான்."

"அப்புறம் ஏன்டா புடுங்கினே?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

டவாலி மேசையைத் தட்டினார். கலுமே உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

மாஜிஸ்திரேட் ஜும்வாவைப் பார்த்தார்.

"டீச்சர். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னீங்களா?"

ஆமாம் என்றால் பொய்ச் சாட்சி. இல்லை என்றால் ஊர் முழுக்க அவள் அப்பாவைத் தொட்டவள்.

"அவர் எங்கப்பா," என்றாள். "அது பொய் இல்ல."

"மத்தது?"

அவள் கூண்டுக் கம்பியில் கட்டியிருந்த அப்பாவைப் பார்த்தாள். மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் குவிந்திருந்த கோப்புகளைப் பார்த்தார். நிலத் தகராறு, ஜீவனாம்சம், மீன் வலை. அவர் பெருமூச்சு விட்டது கடைசி பெஞ்சு வரை கேட்டது.

தீர்ப்பைச் சுருக்கமாகத்தான் சொன்னார். அப்படியே விட்டுவைப்பதுதான் இந்தச் சமூகத்தில் பராமரிக்கும் முறை. அதைக் குற்றவாளியின் வக்கீலே விளக்கிவிட்டார். ஆகவே இது கைவிடப்பட்ட பொருள் இல்லை. எடுத்தது திருட்டுத்தான். செங்கோ ஒரு வருடம் சம்பளமில்லாமல் கோர்ட் வளாகத்தைப் பெருக்க வேண்டும். பொருளை ஜும்வாவிடம் கொடுக்கலாம். இந்த அறையில் அதைத் தன்னுடையது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

ஜும்வா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கைக்கு வந்துவிட்டார்.

மகோக்கா எழுந்தார். "அம்மா, திரும்பவும் திருடு போகாம இருக்க நிபந்தனைகள் வேணும்."

கோப்பிலிருந்து படித்தார். சிமெண்ட் அடித்தளம். இரும்புக் கம்பிக் கூண்டு. தகரக் கூரை. கரையான் மருந்து.

"சரி," என்றார் மாஜிஸ்திரேட். எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார். "அதோட மாசாமாசம் போய்ச் சுத்திக் களை எடுத்துச் சுத்தமா வெச்சுக்கணும். சாட்சி சொன்ன மாதிரியே."

"அம்மா..." என்றாள் ஜும்வா.

"நீங்க சொன்னது உண்மைன்னா இதுல உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. பொய்ன்னா, இனிமே உண்மையாக்குங்க. பொய்ச் சாட்சிக்குத் தனியா கேஸ் போட எனக்கு நேரம் இல்ல. நிபந்தனையை மீறினா மியூசியம் எடுத்துக்கும். அடுத்த கேஸ்."

அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். 'உடைமையாளர்' என்று அச்சடித்த கோட்டுக்கு மேலே.

தோயா வெளியே மாமரத்தடியில் நின்றார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"பேனாவால உங்கப்பனுக்கு ஜெயில் கட்டிட்டே."

"எப்படியாவது நிக்க வைன்னு நீங்கதானே சொன்னீங்க! மூணு வருஷமா உயிரை எடுத்தீங்க!"

"நிக்க வைன்னு சொன்னேன். பூட்டி வைன்னா சொன்னேன்? அதுவும் களை எடுக்கிறாளாம்! துணி அவுக்கிறாளாம்! ஊருக்குள்ள நான் எப்படித் தலை காட்டுவேன்?"

"காட்டாதீங்க. தொப்பி இருக்கில்ல, இழுத்து விட்டுக்குங்க."

அவர் அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். பிறகு இருவரும் கோம்பேயைப் பார்த்தார்கள். இரண்டு காவலர்கள் அவரைத் தூக்கிவந்து படியில் கிடத்தப் போனார்கள்.

"டேய், படுக்க வைக்காதே!" என்று தோயா ஓடினார்.

மட்டாட்டு வேன் நடத்துநர் கூரைமேல் கட்டலாம், லக்கேஜ் என்றான். தோயா அவன் அப்பனைக் கட்டச் சொன்னார். வார்த்தை தடித்தது. கடைசியில் மகோக்காதான் தன் ஆபீஸ் பிக்கப்பைக் கொண்டுவந்தார். எப்படியும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பின்னால் சிமெண்ட் மூட்டைகள் ஏற்கனவே இருந்தன.

தோயா பிக்கப்பின் பின்தட்டில் ஏறி, கோம்பேயை நிமிர்த்தி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். மண்சாலை முழுக்க அப்படியே வந்தார். பள்ளம் வந்தபோதெல்லாம் அண்ணனைத் திட்டினார். "நேரா நில்லுடா. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், வண்டியில ஏறினா ஆடுவே."

முன்னால் ஜும்வா மகோக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசவில்லை.

பழைய வீட்டு இடம் புதர் மண்டியிருந்தது. ஃபோண்டோ பலி ஆட்டோடும் கள்ளுக் குடுக்கையோடும் காத்திருந்தான். பழைய குழி அப்படியே திறந்து கிடந்தது. ஜும்வா புதரின் ஓரத்திலேயே நின்றுகொண்டாள். தோயா கள்ளை ஊற்றி, நடந்ததையெல்லாம் அண்ணனுக்குச் சொன்னார். போலீஸ், சாமான் அறை, பெயிண்ட், எல்லாம். மகள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பிறகு ஃபோண்டோவும் தோயாவும் சேர்ந்து கோம்பேயை இறக்கி மண் தள்ளினார்கள். கால்களால் மிதித்தார்கள்.

கோம்பே நின்றார். நெஞ்சில் வழக்கு எண்ணோடு.

ஃபோண்டோ மண்ணில் உட்கார்ந்து அழுதான். சின்னப் பையன்போலச் சத்தமாக அழுதான்.

"சிமெண்ட்," என்றார் மகோக்கா மெதுவாக.

"இப்பவா?" என்றார் தோயா. "மண்ணு அமரணும்."

"எத்தனை நாள்?"

"அது மண்ணுக்குத்தான் தெரியும்."

மகோக்கா வானத்தைப் பார்த்தார். மேகம் கூடியிருந்தது. மழை பிடித்தால் பிக்கப் இந்தச் சாலையில் வெளியே போகாது. கோம்பேயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நட்ட இடத்திலேயே நிற்கும் ஒரு கிகாங்கோவை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார் என்று ஜும்வாவுக்குத் தோன்றியது.

"டீச்சர், மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடுங்க. போன் பண்ணுவேன்."

மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார்.

சிமெண்ட் வீணாகக் கூடாது என்று தோயா அதில் ஆட்டுக் கொட்டகைக்குத் தரை போட்டார். நன்றாக வந்தது. ஃபோண்டோ வேலைக்குப் போக ஆரம்பித்தான். மனைவியை அழைத்துவர ஆள் அனுப்பினான். கம்பிக் கூண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. ஜும்வா ஒருமுறை எடுத்தாள். தோயா எழுந்து போய் ஆடுகளை எண்ணினார்.

மாதக் கடைசியில் அவள் பழைய இடத்துக்குப் போனாள். கோர்ட் உத்தரவு. தோளில் மண்வெட்டி. புதரின் ஓரம் வரை போய் நின்றாள். புல் கோம்பேயின் இடுப்பளவு வளர்ந்திருந்தது. நெஞ்சில் பெயிண்ட் உரியத் தொடங்கியிருந்தது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்.

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். போன் அடித்தது.

"டீச்சர், மகோக்கா பேசறேன். களை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார்."

"சிமெண்ட்?"

"போட்டாச்சு. நல்லா இறுகிடுச்சு."

"கம்பி?"

"போட்டாச்சு."

"கூரை?"

அவள் மேலே பார்த்தாள். வானம் கறுத்திருந்தது.

"அதுவும் போட்டாச்சு."



"ஒரு போட்டோ அனுப்புங்க டீச்சர்."

"இங்க சிக்னல் இல்ல சார்."

"பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"விட்டு விட்டுத்தான் வருது."

மகோக்கா பெருமூச்சு விட்டார். அது விட்டு விட்டு வரவில்லை, முழுதாகக் கேட்டது.

"அடுத்த மாசம் நானே வந்து பாக்கறேன்."

"வாங்க சார்."

"திரும்பத் திருடிட்டுப் போனா என்ன பண்ணுவீங்க?"

 

"வைக்கறேன் சார். மழை வருது."

வந்தது. பெரிய பெரிய துளிகளாக விழுந்தது. அவள் மரத்தடிக்கு ஒதுங்கினாள். அவர் ஒதுங்கவில்லை.